ரிலீஃப் பிட்சரின் தொழில் வாழ்க்கை: மரியானோ ரிவேராவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நண்பர்களும் உறவினர்களும் என்னோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்க்கும்போதெல்லாம், ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் புதிதாக ஒருவர் பந்து வீச வந்தவுடன் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேராவைக் கொண்டிருக்கிறேன். 1995 முதல் 2013 வரை ஒரே அணிக்கு ஆடிய அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தாலே இந்தத் தொழிலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ரிலீஃப் பிட்சர் என்றால் யார்? ஆட்டத்தைத் தொடங்கியவரே கடைசிவரை வீசினால் என்ன?

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஓர் அணி மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும் என்பதால், எதிரணியை முழுமையாக அடக்க 27 அவுட்டுகள் வேண்டும். முதல் பந்திலிருந்து வீசுபவரை ஸ்டார்ட்டர் என்பார்கள். நூறு பந்துகளை நெருங்கும்போது அவர் கை தளரத் தொடங்கும். அதோடு, ஒரே பேட்டர் அன்றைக்கு மூன்றாவது முறையாக அவர்முன் வந்து நிற்கும்போது பந்தின் போக்கு அவருக்குப் பழகியும் விட்டிருக்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ட்டரை இறக்கிவிட்டு அனுப்பப்படுகிறவர்கள் அனைவரும் ரிலீஃப் பிட்சர்கள்தான்.

ஒரு காலத்தில் ஸ்டார்ட்டரே ஆட்டத்தை முடித்துவைப்பது இயல்பாக இருந்தது, இன்று அது அபூர்வம். பேஸ்பாலின் உச்சநிலைத் தொடரான மேஜர் லீக்கில் அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, பெரும்பாலும் நாள்தோறும். ஸ்டார்ட்டர் ஒருமுறை வீசினால் நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். ரிலீஃப் பிட்சரோ இன்று வீசிவிட்டு நாளையும் தயாராக இருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களை வீசுகிறவரைப் போலத்தானே?

பொறுப்பில் ஒற்றுமை உண்டு, விதியில் பெரிய வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் புதுப் பந்தில் சில ஓவர் வீசிவிட்டு, மைதானத்திலேயே நின்று, இறுதியில் மறுபடி வரலாம். பேஸ்பாலில் ஆட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட வீரர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஆகவே ஒரு மேலாளர் தன்னுடைய சிறந்த ரிலீஃப் பிட்சரை எட்டாவது இன்னிங்ஸில் பயன்படுத்திவிட்டு எடுத்துவிட்டால், பத்தாவது இன்னிங்ஸ்வரை ஆட்டம் நீண்டாலும் அவரை அழைக்க வழியில்லை. யாரை எப்போது அனுப்புவது என்பதே மேலாளரின் மிகக் கடினமான முடிவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா ரிலீஃப் பிட்சர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்களா?

இல்லை. ஸ்டார்ட்டர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கினால் வந்து நீண்ட நேரம் தாங்குகிறவர் ஒருவர். ஆறு, ஏழாவது இன்னிங்ஸைக் கடத்துகிறவர்கள் சிலர். எட்டாவது இன்னிங்ஸை வீசி முன்னிலையைக் குலையாமல் ஒப்படைக்கிறவரை செட்டப் பிட்சர் என்பார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடிப்பவர் குளோசர். இடக்கை பேட்டர் ஒருவருக்கு மட்டும் வீசிவிட்டுப் போகும் இடக்கை வீச்சாளர்களும் நெடுங்காலம் இருந்தார்கள். 2020 முதல், வருகிறவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும் என்று விதி வந்தபின் அந்த வேலை மறைந்துவிட்டது.

இந்தப் பிரிவினை பழையது அன்று. 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மைக் மார்ஷல் ரிலீஃப் பிட்சராகவே 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இன்று ஒரு ரிலீஃப் பிட்சர் 70 இன்னிங்ஸ் வீசினாலே அது நிறைவான பருவம். குளோசர் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டுமே வருவது என்ற வழக்கம், 1980-களின் இறுதியில் ஓக்லண்ட் அணியில் மேலாளர் டோனி லருஸ்ஸா தம் குளோசர் டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பயன்படுத்திய விதத்தால் பரவியது.

‘சேவ்’ என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது எப்படிக் கிடைக்கிறது?

வென்ற அணிக்காக ஆட்டத்தின் கடைசி அவுட்வரை வீசி முடித்த ரிலீஃப் பிட்சருக்கு, அந்த வெற்றி அவர் பெயரிலேயே பதிவாகாத நிலையில், சேவ் கிடைக்கும். அதற்கு மூன்று நிலைமைகளில் ஒன்று பொருந்த வேண்டும். அவர் வரும்போது அணி மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருந்து, அவர் ஓர் இன்னிங்ஸாவது முழுதாக வீசியிருக்க வேண்டும். அல்லது ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய ரன்னுக்கு உரியவர் அப்போது பேஸிலோ (ரன்னுக்காக ஓடுகிறவர் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிய இடம்), மட்டை பிடித்துக்கொண்டோ, அடுத்து வரத் தயாராகவோ இருக்க வேண்டும். அல்லது மூன்று இன்னிங்ஸாவது திறம்பட வீசியிருக்க வேண்டும்.

சிகாகோவைச் சேர்ந்த விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த கணக்கு இது. 1969-இல் அதிகாரபூர்வமானது. காக்க வேண்டிய முன்னிலையை விட்டுவிட்டால் அது ‘ப்ளோன் சேவ்’, அதாவது கைநழுவிய சேவ். இந்தக் கணக்கின் குறை என்ன என்பதைப் பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

ரிவேரா சிறுவயது முதலே பிட்சராகப் பயிற்சி பெற்றவரா?

இல்லை. 1969-இல் பனாமாவில் பிறந்த அவர் வளர்ந்தது புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமத்தில். பால் அட்டைப்பெட்டியைக் கையுறையாகவும், மரக்கிளையை மட்டையாகவும், பழைய மீன்வலையைச் சுருட்டி ஒட்டுநாடா சுற்றியதைப் பந்தாகவும் வைத்து விளையாடிய பிள்ளைகளில் ஒருவர். பள்ளியை விட்டபின் தந்தையின் படகில் மத்தி மீன் பிடிக்கப் போனார். ஒருமுறை படகு மூழ்கத் தொடங்கி, அதைக் கைவிட்டுத் தப்ப வேண்டியும் வந்தது. உள்ளூர் அணியில் அவர் ஆடியது ஷார்ட்ஸ்டாப் என்னும் களத்தடுப்பு இடத்தில். ஒரு நாள் அணியின் பிட்சர் சரியாக வீசாததால் தானே முன்வந்து வீசினார். அதைப் பார்த்த சக வீரர்கள் யாங்கீஸ் அணிக்காக ஆள் தேடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

1990 பிப்ரவரியில் 2,500 டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அன்றைக்கு அவர் ஆங்கிலம் அறியாதவர், பிட்சராக முறையான பயிற்சி இல்லாதவர், வயதும் இருபதைக் கடந்தவர். லத்தீன் அமெரிக்க வீரர்கள் பலர் பதினாறு, பதினேழு வயதிலேயே ஒப்பந்தமாகிவிடும் தொழிலில் இது தாமதமான தொடக்கம். அவ்வாண்டு ஃப்ளோரிடாவில் நடக்கும் தொடக்கநிலைத் தொடரான கல்ஃப் கோஸ்ட் லீக்கில் 52 இன்னிங்ஸ் வீசி, களத்தடுப்பாளர்களின் பிழைகளால் வந்த ரன்களைக் கழித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றைத்தான் கொடுத்தார்.

ஸ்டார்ட்டராகத் தோற்றவர்கள்தான் ரிலீஃப் பிட்சர் ஆகிறார்களாமே?

பாதி உண்மை. பெரும்பாலான ரிலீஃப் பிட்சர்கள் இளம் வயதில் ஸ்டார்ட்டர்களாக இருந்தவர்களே. ஆறு இன்னிங்ஸ் வீச நான்கு வகைப் பந்தாவது கைவசம் இருப்பது நல்லது. இரண்டு வகை மட்டும் சிறப்பாக வருகிறவர்களும், நீண்ட நேரம் வீசினால் உடல் தாங்காதவர்களும் ரிலீஃபுக்கு நகர்த்தப்படுகிறார்கள். ஆனால் நகர்ந்தபின் அவர்கள் செய்வது வேறொரு வேலை. அதைத் தோல்வியின் தொடர்ச்சி என்று கருதுவதை என்னால் ஏற்க முடியாது.

ரிவேராவும் இந்த வழியில்தான் வந்தார். 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு இறுதியில், புதிதாக உருவான இரண்டு அணிகள் பிற அணிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, யாங்கீஸ் அவரைப் பாதுகாக்க வேண்டியவர்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த இரண்டு அணிகளும் அவரை எடுக்கவில்லை. 1995 மே 23 அன்று மேஜர் லீக்கில் ஸ்டார்ட்டராக இறங்கிய முதல் ஆட்டத்தில், நான்கு இன்னிங்ஸ்கூட நிறைவதற்குள் ஐந்து ரன் கொடுத்தார். அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே தோள்வலிக்காக ஓய்வெடுத்துத் திரும்பியவரின் வேகம் எதிர்பாராமல் கூடியிருந்தது. ஜூலை 4 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் வீசி, ரன்னே கொடுக்காமல் 11 பேரை ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்குவது) செய்தார். ஆனாலும் ஸ்டார்ட்டராக அந்தப் பருவம் மேடு பள்ளமாகவே போயிற்று.

1996-இல் ஜான் வெட்லண்ட் குளோசர். ரிவேரா அவருக்கு முன்னால் ஏழு, எட்டாவது இன்னிங்ஸ்களை வீசும் செட்டப் பிட்சர். 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த அவர், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். ஆறு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 73 ஆட்டங்களில் 70-ஐ யாங்கீஸ் வென்றது. அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த சேவ் ஐந்து மட்டுமே. அவருடைய மிகப் பயனுள்ள பருவம் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அவர் ஒரே வகைப் பந்தைத்தான் வீசினார் என்கிறார்களே, அது சாத்தியமா?

கிட்டத்தட்ட உண்மை. அந்தப் பந்துக்குக் கட்டர் என்று பெயர். சாதாரண வேகப்பந்தைப் பிடிப்பதுபோலவே பிடித்து, நடுவிரலின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, பிடியை மையத்திலிருந்து சிறிது விலக்கினால், நேராக வருவதுபோல் தெரியும் பந்து கடைசி நொடியில் பக்கவாட்டில் சில அங்குலம் விலகும். வலக்கை வீச்சாளரான ரிவேராவின் கையிலிருந்து வந்தால் அது இடக்கை பேட்டரின் கைப்பக்கம் பாயும், வலக்கை பேட்டரை விட்டு வெளியே போகும்.

இதை அவர் திட்டமிட்டுக் கற்கவில்லை. 1997 ஜூனில் சக வீரரும் நாட்டவருமான ரமிரோ மெண்டோசாவுடன் ஆட்டத்துக்கு முன் சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து தானாக விலகுவதைக் கண்டார்கள். பயிற்சியாளரோடு சேர்ந்து அதை நேராக்கப் பல நாள் முயன்றும் முடியவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். கடவுள் தந்த கொடை என்றே அவர் அதைச் சொல்லி வந்தார். அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. பல அணிகளின் சிறந்த வீரர்கள் கூடும் 2008 ஆல் ஸ்டார் ஆட்டத்தின்போது, வழக்கமாக யாங்கீஸை எதிர்த்து ஆடும் வேறோர் அணியின் பிட்சரான ராய் ஹாலடேவுக்குப் பிடியைக் காட்டிக் கொடுத்தார். அதற்காகச் சொந்த அணி வீரர்களே தங்களுக்குள் நடத்தும் விளையாட்டு நீதிமன்றத்தில் அவருக்கு அபராதம் போட்டார்கள்.

என்ன பந்து வரப்போகிறது என்று தெரிந்தும் ஏன் அடிக்க முடியவில்லை?

பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே சுமார் 18.4 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி வரும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடுகிறது. மட்டையைச் சுழற்ற முடிவெடுத்தபின் திருத்திக்கொள்ள நேரமில்லை. கட்டர் விலகுவதோ அந்த முடிவுக்குப் பிறகு. ஆகவே மட்டையின் தடித்த நடுப்பகுதியில் பட வேண்டிய பந்து, கைப்பிடியை ஒட்டிய மெல்லிய பகுதியில் படுகிறது, மட்டை முறிகிறது. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1999-இல் அட்லாண்டாவின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை மட்டை பிடித்து நின்றபோது மூன்று மட்டைகள் முறிந்தன. 2013-இல் ரிவேரா ஓய்வு பெறப்போகும் பருவத்தில், மினசோட்டா ட்வின்ஸ் அணி முறிந்த மட்டைகளால் ஒரு சாய்வு ஆடும் நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தது.

விலகலைவிட வியப்பானது குறி தவறாமை. ஒரே பந்தை மூலைக்கு மூலை, உயரத்துக்கு உயரம் மாற்றி, கேட்சர் கையுறை வைத்த இடத்தில் போட முடிந்ததால் அது பல பந்துகளின் வேலையைச் செய்தது. அசைவில் ஆண்டுக்கணக்கில் மாற்றம் இல்லாத, இரைச்சலற்ற வீச்சு அது. நாற்பதைக் கடந்தும் அவர் நிலைத்தது இதனால்தான் என்பது என் எண்ணம்.

மற்ற இன்னிங்ஸ்களில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா?

வேலிக்குப் பின்னால் புல்பென் என்ற தனி இடத்தில் இருப்பார்கள். மேலாளரிடமிருந்து அங்கே தொலைபேசி வரும்; சொல்லப்பட்டவர் எழுந்து கையைச் சூடாக்குவார். சூடாக்கிய பின் ஆட்டத்தின் போக்கு மாறி, அழைக்கப்படாமலே உட்கார்ந்துவிடும் இரவுகள் நிறைய உண்டு. அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, ஆனால் கை அவற்றை மறப்பதில்லை.

அவர் தோற்றதே இல்லையா?

தோற்றார், அதுவும் ஊர் உலகம் பார்க்க. குளோசரான முதல் ஆண்டான 1997-இல், முதல்சுற்றுத் தொடரை யாங்கீஸ் முடிக்கவிருந்த நான்காவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், கிளீவ்லண்டின் இளைய சாண்டி அலோமார் அவர் பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஹோம் ரன் ஆக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். அணி அந்தத் தொடரை இழந்தது. 2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில், மூன்று ஆட்டம் வென்று நான்காவதையும் வெல்லும் நிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு வாக் (தவறான நான்கு பந்துகளுக்காகப் பேட்டருக்குக் கிடைக்கும் முதல் பேஸ்), டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடியது (அடி இல்லாமலே ஓடிச் சேர்ந்தது), பில் ம்யூலரின் அடி என்று முன்னிலை போயிற்று. பாஸ்டன் தொடர்ந்து நான்கையும் வென்று, 1918-க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடரையும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு பாஸ்டன் ரசிகர்கள் அவர் பெயரைக் கேட்டதும் கேலியாகக் கைதட்டி ஆரவாரித்தார்கள். அவர் சிரித்து, தொப்பியைக் கழற்றி ஏற்றுக்கொண்டார்.

மிகப் பெரியது 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். அரிசோனாவில், 2–1 என்ற முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா அதில் மூவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அதுவரை இறுதிச்சுற்று ஆட்டங்களில் தொடர்ந்து 23 சேவ்களைத் தவறவிடாதவர் அவர். ஒன்பதாவதில் மார்க் கிரேஸ் முதல் பேஸை எட்டும் ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்தவர் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தபோது, எறி ரிவேராவின் கையிலிருந்தே தவறிப் போயிற்று. டோனி வோமாக் அடித்த, இரண்டாம் பேஸை எட்டும் டபுளில் ஆட்டம் சமன். ஒரு பேட்டர்மேல் பந்து பட்டு மூன்று பேஸ்களும் நிரம்பின. ஒரு ரன்னையும் தடுக்க வேண்டியிருந்ததால் உள்வட்டக் களத்தடுப்பாளர்கள் முன்னால் நகர்ந்து நின்றார்கள். லூயிஸ் கொன்சாலஸ் மட்டையில் சரியாகப் படாத கட்டர், யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலே மெல்ல எழும்பி, அவர் வழக்கமாக நின்றிருந்தால் எளிதாகப் பிடித்திருக்கக்கூடிய இடத்தில் விழுந்தது. பந்து நன்றாகத்தான் வீசப்பட்டது, தொடர் போய்விட்டது. அடுத்த பருவம் அவர் அதே பந்தையே வீசினார்.

ஓர் இன்னிங்ஸ் வீசுவதற்கு இத்தனை சம்பளமா?

2,500 டாலரில் தொடங்கியவர் பின்னாளில் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் பெற்றார். 2022-இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் எட்வின் டியாஸ் ஐந்தாண்டுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்து, பத்துக் கோடியைத் தாண்டிய முதல் ரிலீஃப் பிட்சர் ஆனார். ஆனால் இவர்கள் உச்சியில் இருப்பவர்கள். 2025-இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 7,60,000 டாலர். அதுவும் மேஜர் லீக் அணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் கணக்கிடப்படுவது. புல்பென்னின் கடைசி இரண்டு இடங்களில் இருப்பவர்கள் ஒரே பருவத்தில் பலமுறை கீழ்நிலை அணிக்கும் மேலுக்குமாக அலைக்கழிக்கப்படுகிறார்கள். விரும்பிய அணியோடு பேரம் பேசும் உரிமை ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவைக்குப் பிறகே கிடைக்கிறது. பலருடைய கை அதுவரை தாங்குவதில்லை.

அப்படியானால் ரிவேராவின் கை மட்டும் எப்படித் தாங்கியது?

அவரையும் காயம் விடவில்லை. மேலே சொன்ன 1992 அறுவை சிகிச்சை ஒன்று. இன்னொன்று 2012 மே 3 அன்று கான்சஸ் நகரில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் உயர எழும்பிய பந்துகளை ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தபோது முழங்கால் தசைநார் அறுந்தது. 42 வயது, அதோடு முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். 2013-இல் திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார்.

ரிவேரா அணிந்திருந்த 42 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு?

மேஜர் லீக்கில் நிறத்தடையை 1947-இல் உடைத்த ஜாக்கி ராபின்சனின் எண் அது. 1997-இல் எல்லா அணிகளிலும் அந்த எண் ஓய்வு பெற்றது; ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். அவர்களுள் கடைசியாக எஞ்சியவர் ரிவேரா.

ரிவேரா மொத்தம் எடுத்த 652 சேவ் என்பது பெரிய எண் மாதிரி தெரிகிறது. ஆனால் மூன்று ரன் முன்னிலையைக் காப்பதில் என்ன பெருமை?

நியாயமான கேள்வி. சேவ் விதியின்படி, மூன்று ரன் முன்னிலையோடு எளிய பேட்டர்களுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்தாலும் ஒரு சேவ். ஒரு ரன் முன்னிலையில், பேஸ்கள் நிரம்பிய நிலையில் ஏழாவது இன்னிங்ஸில் அணியைக் காத்தவருக்குச் சேவ் இல்லை. 1996-இல் ரிவேராவுக்கு ஐந்துதான் கிடைத்ததை நினைவுகொள்ளுங்கள். 2011 செப்டம்பரில், அதுவரை சாதனையாக இருந்த ட்ரெவர் ஹாஃப்மனின் 601-ஐ ரிவேரா தாண்டியது பெரிய செய்திதான், ஆனால் அவருடைய மேன்மைக்கு நான் காட்டும் சான்று அதுவன்று.

ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரியைப் பாருங்கள்: வாழ்நாள் முழுதும் 2.21. அக்டோபர் மாத இறுதிச்சுற்றுகளில், சிறந்த அணிகளுக்கு எதிராக மட்டும் 141 இன்னிங்ஸ் வீசி 0.70. வழக்கமாக ஆட்டம் கடினமாகும் இடத்தில் இவருடைய எண் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த 141 இன்னிங்ஸில் அவர் கொடுத்த ஹோம் ரன்கள் இரண்டே இரண்டு. பல நேரம் எட்டாவது இன்னிங்ஸிலேயே வந்தார். 2003-இல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் சமநிலையில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன்னின்றி வீசினார், ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து வெல்லும்வரை. அன்றும் அவருக்குச் சேவ் இல்லை.

பேஸ்பாலின் மாபெரும் வீரர் பேப் ரூத்துக்கே கிடைக்காத நூறு சதவீத வாக்கு ஒரு ரிலீஃப் பிட்சருக்கா?

2019-இல், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 செய்தியாளர்களும் ரிவேரா பெயரை எழுதினார்கள். அதற்கு முன் யாருக்கும் அப்படி அமைந்ததில்லை. 1936-இல் பேப் ரூத்துக்கு 226-இல் 215, 2016-இல் இளைய கென் கிரிஃபிக்கு 440-இல் 437. இதனால் ரிவேரா ரூத்தைவிடப் பெரிய வீரர் என்று ஆகாது. ஸ்டார்ட்டர்களில் பலர் அவரைவிட மூன்று மடங்கு இன்னிங்ஸ் வீசியிருக்கிறார்கள் என்ற வாதமும் சரியே. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலையில் அவருக்கு இணையாக எவரும் இல்லை என்பதில் வாக்காளர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அங்கே இடம்பெற்ற முதல் ரிலீஃப் பிட்சரான ஹாய்ட் வில்ஹெல்மே 1985 வரை காத்திருந்துதான் நுழைந்தார் என்பதை எண்ணினால், இந்தத் தொழிலின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று புரியும்.

இனி ஒருவர் அந்த 652-ஐத் தாண்ட முடியுமா?

கடினம் என்றே நினைக்கிறேன். கென்லி ஜான்சன், கிரெய்க் கிம்ப்ரல் ஆகியோர் 400-ஐத் தாண்டியிருக்கிறார்கள், ஆனால் வயது அவர்கள் பக்கம் இல்லை. இளையவர்கள் முழு வேகத்தில் வீசுவதால் முழங்கை சீக்கிரம் பழுதாகிறது. அணிகளும் சிறந்த ரிலீஃப் பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று ஒதுக்கிவைக்காமல், ஆட்டம் எங்கே இறுகுகிறதோ அங்கே அனுப்பத் தொடங்கிவிட்டன. சேவ் கணக்கின் குறையைப் பற்றி மேலே சொன்னதன்படி அது சரியான பயன்பாடு. சேவ் எண்ணிக்கைதான் குறையும்.

அவருடைய கடைசி ஆட்டமும் சேவ்தானா?

இல்லை. 2013 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் டாம்பா பே அணியிடம் யாங்கீஸ் 4–0 என்று பின்தங்கியிருந்தது; காக்க எதுவும் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா நான்கு பேட்டர்களுக்கு வீசி நான்கு பேரையும் அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனபின் அவரை இறக்க மேலாளர் வரவில்லை. நெடுநாள் தோழர்களான ஆண்டி பெட்டிட்டும் டெரெக் ஜீட்டரும் வந்தார்கள். பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அவர் அழுதார். ஆட்டம் முடிந்து எல்லாரும் உள்ளே போனபின் தனியாகத் திரும்பி வந்து, பிட்சரின் மேட்டில் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போனார்.